யாழ்ப்பாணத்தில ஃப்ரெய்ற் ஃபோர்வேர்டிங் கோர்ஸ்: காசு குடுத்துச் செய்யலாமோ?

ஏ.எல் முடிச்ச பெடியள் பெட்டையள் கனபேர் இன்பொக்ஸில கேக்கினம், ரவுனுக்குள்ள சனி ஞாயிறில நடக்கிற ஷிப்பிங், ஃப்ரெய்ற் ஃபோர்வேர்டிங் கோர்ஸ் நல்லமோ, செய்தால் வேலை கிடைக்குமோ எண்டு. எல்லாருக்கும் தனித்தனியா எழுதிக் கட்டாது, அதால இஞ்சயே முழுக்கச் சொல்லுறன். நான் 2024 தொடக்கத்தில அந்தக் கோர்ஸைச் செய்தனான், முடிஞ்ச கையோட கொழும்புக்கு வந்து இப்ப ஒரு ஃபோர்வேர்டர் ஒஃபிஸில எக்ஸ்போர்ட் டெஸ்க்கில இருக்கிறன். இடத்தின்ர பேர் போடேல்ல, நல்லது சொல்லுற அளவுக்குக் குறையும் சொல்லப்போறன் எண்டதால.

முதலே முடிவைச் சொல்லிப்போடுறன். டொக்கியூமென்ற் வேலை பழகோணும் எண்டால் காசு குடுக்கலாம், வேலை எடுத்துத் தருவினம் எண்டு நம்பிப் போறதெண்டால் போகாதேங்கோ. அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன்.

எங்கட ஊரில ஃப்ரெய்ற் எண்டு சொன்னால் ஆக்களுக்கு ஞாபகம் வாறது கனடாவுக்கும் லண்டனுக்கும் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பார்சல் கட்டி அனுப்புற கடையள்தான். அதுவும் இந்தத் தொழிலின்ர ஒரு ஓரம்தான், ஆனால் ஃபோர்வேர்டர் எண்டுறவர் கப்பலும் வைச்சிருக்க மாட்டார் பிளேனும் வைச்சிருக்க மாட்டார், சாமான் அனுப்புறவருக்கும் கப்பல் கொம்பனிக்கும் நடுவில நிண்டு இடம் புக் பண்ணி, லொறி ஒழுங்குபடுத்தி, கஸ்ரம்ஸ் பேப்பர் செய்விச்சு, பி.எல் (கப்பல் சரக்குச் சீட்டு) அடிச்சு, அங்கால துறைமுகத்தில இருக்கிற ஏஜென்ற்றுக்கு எல்லாத்தையும் அனுப்பி, சாமான் கைக்குப் போய்ச் சேருமட்டும் பொறுப்பா நிக்கிற ஆள். முதல் நாள் வகுப்பில படிப்பிச்ச சேர் இதைக் கரும்பலகையில ஒரு கோடு கீறி, தொழிற்சாலையில இருந்து றொட்டர்டாம் கிடங்கு வரைக்கும் யார் யார் கையால போகுது எண்டு காட்டினவர். அந்தக் கோட்டிலயே இன்கோடேர்ம்ஸ் எண்ட, விக்கிறவரும் வாங்குறவரும் பொறுப்பைப் பிரிக்கிற உலக விதியள் பதினொண்டையும் எங்க எங்க ஆபத்து மாறுது, எங்க செலவு மாறுது எண்டு குறிச்சுத் தந்தவர், அது எனக்கு இண்டைக்கும் மறக்கேல்ல.

இனி இந்தக் கோர்ஸின்ர உயிர் எது எண்டு சொல்லுறன். ஃபைல். ஒவ்வொரு கிழமையும் ஒரு ஷிப்மென்ற்றின்ர ஃபைல் ஒண்டு கையில தருவினம், உள்ளுக்குள்ள கொமர்ஷல் இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ற், புக்கிங் கன்ஃபர்மேஷன், எல்.சி (வாங்குறவரின்ர பாங்க் காசு தருவம் எண்டு குடுக்கிற உறுதிக் கடிதம்) கொப்பி, பி.எல் ட்ராஃப்ற் எல்லாம் இருக்கும், அதுக்குள்ள சேர் வேணுமெண்டே பிழை விட்டு வைச்சிருப்பார். நாங்கள் ஸ்கேலும் சிவப்புப் பேனையும் வைச்சு வரி வரியா ஒப்பிட்டுப் பாக்கோணும். தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்) ஏத்தின ஒரு கொன்டெய்னர் ஃபைல், பக்கிங் லிஸ்ற்றில மொத்த நிறை 18,450 கிலோ, பி.எல் ட்ராஃப்ற்றில 18,540 கிலோ, கண் ஓடேக்க ஒருத்தருக்கும் தெரியாது. அதே ஃபைலில எல்.சி சொல்லுது கன்சைனி (சாமான் பெறுறவர்) எண்ட இடத்தில பாங்கின்ர ஓர்டருக்கு எண்டு வரோணும் எண்டு, ட்ராஃப்ற்றில வாங்குற ஆளின்ர பேர் நேராக் கிடக்குது. ரெண்டில எது விடுபட்டாலும் பாங்க் டொக்கியூமென்ற்றை எடுக்காது, பாங்குகள் எல்.சிக்குப் பாவிக்கிற யூ.சி.பி 600 விதிப்படி எல்.சியில வேற மாதிரிச் சொல்லாட்டில் சாமான் ஏத்தின நாளில இருந்து 21 நாளுக்குள்ள பேப்பர் பாங்குக்குப் போகோணும், அதுக்குள்ள பி.எல் திருத்தி எடுக்க அமென்ட்மென்ற் காசும் கட்டி நாளும் போக்கி அந்த ஏற்றுமதியாளர் காசுக்கு வாய் பாத்துக்கொண்டு நிப்பார். ஒரு எண் இடம் மாறினால் ஒரு மனுசன்ர மாதச் சம்பளக் காசு முடங்கும் எண்டது அந்த மேசையில இருந்துதான் எனக்கு விளங்கினது.

எயார் பக்கத்தையும் இப்பிடித்தான் கையால செய்விச்சவை. எயார்வே பில் (பிளேன் சரக்குச் சீட்டு) நம்பர் 11 இலக்கம், முதல் மூண்டும் எயார்லைன், ஶ்ரீலங்கன் எண்டால் 603. மிச்சம் எட்டில முதல் ஏழையும் ஏழால பிரிச்சு வாற மிச்சம்தான் கடைசி இலக்கம். 1234567ஐ ஏழால பிரிச்சால் மிச்சம் 5, அப்ப நம்பர் 12345675 எண்டு முடியோணும், வேற ஏதும் வந்தால் ஆரோ பிழையா ரைப் பண்ணிப்போட்டினம். இதைத் தெரிஞ்சு என்ன பிரயோசனம், கொம்பியூட்டர் பாக்குந்தானே எண்டு வகுப்பில கேட்டவை. ஃபோனில நம்பர் சொல்லி எழுதுற ஒஃபிஸ் இன்னும் எத்தினையோ இருக்கு, நான் இண்டைக்கும் கல்குலேட்டரில தட்டிப் பாத்துத்தான் ஈமெயில் அனுப்புறன்.

நிறைக் கணக்குக்கு அவர் எடுத்தது எங்கட பனையோலைக் கூடை. 60க்கு 50க்கு 40 சென்ரிமீற்றர் பெட்டி, உள்ளுக்குக் கூடை அடுக்கினால் நிறுத்துப் பாக்க ஆறு கிலோதான், ஆனால் எயார்லைன் மூண்டு அளவையும் பெருக்கி 6000ஆல பிரிச்சு 20 கிலோவுக்குக் காசு கேக்கும். கூரியர் எண்டால் 5000ஆல பிரிக்கிறதால அது 24 கிலோ. அதே பெட்டி கப்பலில எல்.சி.எல்லா, எண்டால் மற்றாக்களின்ர சாமானோட ஒரே கொன்டெய்னரில, போனால் ஒரு கியூபிக் மீற்றரை ஆயிரம் கிலோ எண்டு எடுத்துத்தான் கணக்கு, அப்ப கதையே வேற. கூடை பின்னுற அம்மாமார் வெளிநாட்டு ஓர்டர் வந்தோடன சந்தோசத்தில நிறைக்குக் கணக்குப் பாத்து விலை சொல்லிப்போட்டு பேந்து ஃப்ரெய்ற் பில்லைப் பாத்து அழுறதுக்குக் காரணம் இதுதான், கூடையை ஒண்டுக்குள்ள ஒண்டு போற மாதிரி அளவு வைச்சுப் பின்னினால் பாதிக் காசு மிச்சம். இந்த ஒரு பாடத்துக்காகவே நான் அந்தக் கோர்ஸை மெச்சுவன்.

படிப்பிச்சவர் கொழும்புத் துறைமுகத்துப் பக்கம் கனகாலம் வேலை செய்து ஓய்வெடுத்த ஆள், புத்தகத்தில இருக்கிறதை வாசிக்க மாட்டார், அந்தக் கிழமை உலகத்தில என்ன நடந்ததோ அதைத்தான் பாடமாக்குவார். நாங்கள் படிக்கேக்க செங்கடலில கப்பலுக்கு அடிக்கத் தொடங்கி கொம்பனியள் எல்லாம் ஆபிரிக்காவைச் சுத்திப் போகத் தொடங்கின நேரம், ஐரோப்பாவுக்குப் போற சாமான் பத்து நாள் பிந்தினால் ஆருக்கு என்ன செலவு எண்டு ஒரு முழுப் பின்னேரம் கதைச்சவர். மார்ச் 26 அமெரிக்காவில பால்ரிமோர் பாலத்தில ‘டாலி’ கப்பல் மோதினது, அது கொழும்புக்கு வரவெண்டு வெளிக்கிட்ட கப்பல் எண்டு சொல்லேக்க வகுப்பே நிமிர்ந்து இருந்தது. அடுத்த சனி அவர் பாலத்தைப் பற்றிக் கதைக்கேல்ல, கப்பலில நாலாயிரத்துக்கு மேல கொன்டெய்னர் இருக்கு, அதில ஒண்டு உங்கட கஸ்ரமற்ற சாமான், விடியக் காலமை அவர் ஃபோன் எடுக்கிறார், நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டவர். ஜெனரல் அவரேஜ் எண்டு ஒரு விதி இருக்கு, கப்பலையும் சரக்கையும் காப்பாத்த வந்த விசேசச் செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரரும் பங்கு போடோணும், உங்கட சாமானுக்கு ஒரு கீறலும் இல்லாட்டிலும் உங்கட பங்கு வரும், இன்சூரன்ஸ் இல்லாதவர் கையால கட்டோணும். இன்சூரன்ஸ் போடுங்கோ எண்டு கஸ்ரமருக்கு ஏன் திருப்பித் திருப்பிச் சொல்லோணும் எண்டது எனக்கு அண்டைக்குப் பதிஞ்சது.

‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கதையையும் சொன்னவர். 2021 மே மாதம் எங்கட கடலில எரிஞ்ச கப்பல், உள்ளுக்கு 25 தொன் நைற்றிக் அசிட், ஒரு கொன்டெய்னரில இருந்து ஒழுகிக்கொண்டு வந்ததாச் சொல்லி ரெண்டு துறைமுகத்தில இறக்கக் கேட்டும் எடுக்கேல்ல. அந்த அசிட்டை ஆரோ ஒருத்தர் ஒரு மேசையில இருந்து புக் பண்ணியிருக்கினம், ஆரோ ஒருத்தர் ஆபத்துச் சரக்குப் பேப்பர் நிரப்பியிருக்கினம், அந்த மேசையிலதான் நாளைக்கு நீங்கள் இருக்கப் போறியள் எண்டார். நீர்கொழும்புக் கரையில பிளாஸ்ரிக் குருணி ஒதுங்கினதை நியூஸில பாத்த எங்களுக்கு அது சும்மா பாடமா இருக்கேல்ல.

சரி, இனிக் குறையள்.

போஸ்ரரில நூறு வீத வேலைவாய்ப்பு எண்டு பெரிசாப் போட்டிருக்கினம். நடைமுறையில அது எங்கட சி.வியை ஒண்டாக் கட்டி நாலு ஈமெயில் முகவரிக்கு அனுப்புறது மட்டும்தான். என்னோட படிச்சவையில ஒருத்தருக்கும் அந்த வழியால இன்ரர்வியூ வரேல்ல, வேலை எடுத்தவை எல்லாரும் சொந்தமா அப்ளை பண்ணி எடுத்தவைதான். ஏழைப்பட்ட வீட்டுப் பிள்ளையள் கடன் வாங்கிக் காசு கட்டுறது அந்த ஒரு வரியைப் பாத்துத்தான். கல்வி எண்டு சொல்லிக்கொண்டு அப்பிடி ஒரு வரி போடக்கூடாது, இதில எனக்குச் சரியான கோபம், நேரிலயும் சொன்னனான்.

நோட்ஸ் பழசு. 2020 இன்கோடேர்ம்ஸில டி.ஏ.ரி எண்ட விதி போய் அதுக்குப் பதிலா டி.பி.யூ வந்திட்டுது, அச்சடிச்ச புத்தகத்தில அப்பவும் டி.ஏ.ரி இருந்தது. சேர் வாயால திருத்தினவர், ஆனால் வகுப்புக்கு வராத நாளில கொப்பி அடிச்ச பிள்ளையள் பிழையைத்தான் பாடமாக்கினவை. கஸ்ரம்ஸ் பகுதி அதைவிட மோசம், கஸ்ரம்ஸின்ர கொம்பியூட்டர் முறை அசிகுடா வேர்ல்ட் எப்பிடி இருக்கும் எண்டு ரெண்டு ஸ்கிரீன்ஷொட் காட்டினதோட சரி, கஸ்டெக் (கஸ்ரம்ஸுக்குக் குடுக்கிற படிவம்) ஒண்டை நிரப்பிப் பாக்க விடேல்ல, சாமானை வகைப்படுத்துற எச்.எஸ். கோட் தேடுறது அரை மணித்தியாலத்தில முடிஞ்சுது. துறைமுகம் பாக்கக் கூட்டிக்கொண்டு போவம் எண்டதும் நடக்கேல்ல. எக்ஸெல் ஒரு வகுப்புக் கூட இல்லை, இந்த வேலையில காலமை வந்து முதல் திறக்கிறதே எக்ஸெல்தான்.

மொழி விசயத்தில ஒரு சொல்லும் சொல்லேல்ல எண்டதுதான் எனக்குப் பெரிய குறையாத் தெரியுது. ஈமெயில் எல்லாம் இங்கிலீஷ், அது எப்பிடியும் பழகிடும், ஒரே மாதிரி வசனங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஆனால் லொறி ட்ரைவர், வார்ஃப் கிளார்க், யார்ட்டில நிக்கிற ஆள், கப்பல் கொம்பனி கவுன்ரர், எல்லாரும் கதைக்கிறது சிங்களம். கட்-ஓஃப்புக்கு, எண்டால் கொன்டெய்னரைத் துறைமுகம் எடுக்கிற கடைசி நேரத்துக்கு, ஒரு மணித்தியாலம் இருக்கேக்க ட்ரைவர் ஃபோன் எடுத்து கேற்றில மறிச்சிட்டினம் எண்டு சிங்களத்தில வேகமாச் சொன்னால் நீங்கள் இன்னொருத்தரிட்ட ஃபோனைக் குடுத்துக்கொண்டு நிக்கேலாது. யாழ்ப்பாணத்தில இருந்து வாற பிள்ளையளுக்கு முதல் ஆறு மாதத்தில விழுற அடி இதுதான், கோர்ஸுக்கு வாங்குற காசில ஒரு பேச்சுச் சிங்கள வகுப்பைச் சேர்த்திருந்தால் அதுவே பாதி வேலைவாய்ப்பு.

சேர்ட்டிபிகேற்றுக்கு மதிப்பிருக்கோ எண்டு கேப்பியள். என்ர இன்ரர்வியூவில அதைத் திறந்தும் பாக்கேல்ல. ஒரு பி.எல் ட்ராஃப்ற்றையும் இன்வொய்ஸையும் முன்னால வைச்சு இதில என்ன பிரச்சினை எண்டு கேட்டினம், சிவப்புப் பேனை இருக்கோ எண்டு நான் திருப்பிக் கேட்டன், அந்த மனேஜர் அக்கா தன்ர பேனையை எடுத்துத் தந்தவ. அதோட வேலை வந்திட்டுது எண்டுதான் சொல்லோணும். கொழும்பில மதிக்கிற படிப்பு வேற, ஃபோர்வேர்டர்ஸ் சங்கம் செய்விக்கிற ஃபியாற்றா (உலக ஃபோர்வேர்டர் சங்கங்களின்ர கூட்டமைப்பு) டிப்ளோமா, சி.ஐ.எல்.ரி (லொஜிஸ்ரிக்ஸ், போக்குவரத்துத் துறை நிறுவனம்) படிப்புகள், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில லொஜிஸ்ரிக்ஸ் டிகிரி, இதுகளைத்தான் கேப்பினம். வேலைக்குச் சேந்து ஒரு வருசத்தால ஃபியாற்றா டிப்ளோமா செய்யிறது நல்லது, அப்பதான் படிக்கிறது கண்ணால காணுறதோட சேரும், சில ஒஃபிஸ் காசும் தருவினம்.

வேலை எப்பிடி இருக்கும் எண்டதையும் சொல்லாமல் விட்டால் இந்த ரிவியூ அரைகுறை. ட்ரெய்னியாத்தான் எடுப்பினம், வெள்ளவத்தையில போர்டிங் காசும் சாப்பாடும் போக முதல் வருசம் கையில மிஞ்சுறது கொஞ்சம், வீட்டுக்கு அனுப்பலாம் எண்டு கணக்குப் போடாதேங்கோ. எக்ஸ்போர்ட் எண்டால் புக்கிங், எஸ்.ஐ (பி.எல்லில என்ன வரோணும் எண்டு கப்பல் கொம்பனிக்குக் குடுக்கிற விபரம்), வி.ஜி.எம், கட்-ஓஃப் எண்டு ஓட்டம். வி.ஜி.எம் எண்டுறது கொன்டெய்னரின்ர உண்மையான நிறையை எழுத்தில குடுக்கிறது, 2016 ஜூலை 1இல இருந்து உலகம் முழுக்கக் கட்டாயம், அது போகாட்டில் கப்பலில ஏத்த மாட்டினம். இம்போர்ட் எண்டால் அரைவல் நோட்டிஸ், டெலிவரி ஓர்டர், ஃப்ரீ டைம் (காசில்லாமல் வைச்சிருக்க விடுற நாள்) முடிய முதல் கொன்டெய்னரை வெளிய எடுப்பிக்கிறது, பிந்தினால் டெமறேஜ், வெறும் கொன்டெய்னர் திருப்பிக் குடுக்கப் பிந்தினால் டிட்டென்ஷன், ரெண்டும் டொலரில ஏறிக்கொண்டே போகும், ஏச்சு விழுறது உங்களுக்குத்தான்.

சேல்ஸுக்கு நேரா எடுக்கிறம், கொமிஷன் இருக்கு எண்டு கூப்பிடுவினம், நான் சொல்லுறது முதல் ரெண்டு வருசம் டொக்கியூமென்ற் இல்லாட்டி ஒப்பரேஷனில இருங்கோ. சாமான் எங்க மாட்டுப்படும் எண்டு தெரியாத ஆள் றேற் சொல்லி வித்தால் அடுத்த மாதமே கஸ்ரமர் போயிடுவார். அதே மாதிரி பெரிய வெளிநாட்டுக் கொம்பனிதான் வேணும் எண்டும் நிக்காதேங்கோ, அங்க சில டெஸ்க்கில வருசம் முழுக்க பி.எல் மட்டும் அடிப்பியள். பத்துப் பதினைஞ்சு பேர் இருக்கிற ஒஃபிஸில புக்கிங்கில இருந்து கொமிஷன் இன்வொய்ஸ் வரைக்கும் ஒரே ஆள் பாக்க வேண்டி வரும், களைப்புத்தான், ஆனால் தொழில் கைக்கு வரும்.

பெம்பிளைப்பிள்ளையளுக்குச் சரிவருமோ எண்டு அம்மாமாரும் கேக்கினம். என்ர அம்மாவும் பாங்க் இல்லாட்டி ரீச்சிங் எண்டுதான் நிண்டவ. டெஸ்க் வேலையில எங்கட ஒஃபிஸில பாதிக்கு மேல பெண்கள்தான், வார்ஃப் பக்கம்தான் இன்னும் முழுக்க ஆம்பிளையள். கப்பல் வெளிக்கிடுற நாளில இரவு எட்டு ஒன்பது மணி ஆகும், அப்ப ஒஃபிஸ் வாகனம் தருவினமோ எண்டதை வேலைக்குச் சேர முதலே கேளுங்கோ, வெக்கப்படாதேங்கோ.

இனி கோர்ஸ் புரோஷரில இருக்கிற ஒரு கதை. காங்கேசன்துறைத் துறைமுகம் வருகுது, பலாலி இன்ரநாஷனல் எயார்போர்ட் வந்திட்டுது, யாழ்ப்பாணத்திலயே வேலை குவியும் எண்டு. ஆசையாத்தான் இருக்கு, எனக்கும் அதுதான் கனவு. பலாலி 2019 அக்டோபரில இன்ரநாஷனலாத் திறந்தது, சின்ன ஏ.ரி.ஆர் பிளேன்தான் வந்து போகுது, அதுக்குள்ள ஏத்தக்கூடிய சரக்கு கொஞ்சம். காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில நாகபட்டினத்தில இருந்து கப்பல் வந்தது, அது ஆக்களை ஏத்துற கப்பல். துறைமுகத்தைத் திருத்த இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை எண்டு அறிவிச்சிருக்கு. இதை நம்பி இஞ்ச இருந்து காத்துக்கொண்டிருந்தால் வயசுதான் போகும், முதல் கொழும்பில தொழில் பழகுங்கோ.

ஆனால் புரோஷர் எழுதின ஆக்கள் காணாத ஒண்டு இருக்கு. எங்கட நண்டு, கடலட்டை, முருங்கைக்காய், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாம் இப்பவே வெளிநாடு போகுது, ஐஸ் பெட்டியில லொறி ஏறி ஏ9 வழியால கட்டுநாயக்கா எயார்போர்ட்டுக்கும் கொழும்புக்கும் போகுது. பேப்பர் எல்லாம் அங்க இருக்கிற ஆக்கள்தான் செய்யினம். மாம்பழத்துக்குப் பூச்சி, நோய் இல்லை எண்ட பைட்டோ சேர்ட்டிபிகேற் வேணும், கடலட்டைக்குக் கடற்றொழில் திணைக்கள அனுமதி வேணும், பெட்டி அளவு பிழைச்சால் ஃப்ரெய்ற் கூடும், ஒரு பேப்பர் குறைஞ்சால் பழம் கட்டுநாயக்காவில கிடந்து பழுக்கும், விவசாயிக்கு அது ஏன் எண்டே தெரியாது. நாலைஞ்சு வருசம் கொழும்பில வேலை பழகின ஒரு ஆள் திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில ஒரு சின்ன ஒஃபிஸ் போட்டு, பக்கிங்கில இருந்து டொக்கியூமென்ற் வரைக்கும் இஞ்சயே சரிபாத்து அனுப்பினால் துறைமுகம் வரமுதலே அந்த வேலை ஓடும். இந்தக் கோர்ஸில படிச்ச கூடைக் கணக்கு எனக்கு இதைத்தான் திருப்பித் திருப்பி ஞாபகப்படுத்துது, நான் திரும்பி வந்தால் செய்யப்போறதும் அதுதான்.

சேர யோசிக்கிற ஆக்கள் காசு கட்ட முதல் மூண்டு விசயம் கேளுங்கோ: ஃபைல் வேலை இப்பவும் நடக்குதோ, அதே சேர்தான் வாறாரோ, நோட்ஸ் திருத்தியாச்சோ. அந்தச் சேர் இல்லாட்டில் சேராதேங்கோ, கோர்ஸே அவர்தான். காசை ரெண்டு தவணையாக் கட்டலாம், முதல் தவணையை மட்டும் கட்டி ரெண்டு வகுப்பு இருந்து பாருங்கோ. சனிக்கிழமை வகுப்பில ஆக்கள் குறைய, கேள்வி கேக்க நேரம் கிடைக்கும், ஞாயிறு நெரிசல். இன்ரர்வியூவுக்குக் கொழும்பு வாற பிள்ளையள் ஆரும் எனக்கு மெசேஜ் போட்டால் பழைய ஃபைல் ரெண்டு மூண்டு ஸ்கான் பண்ணி அனுப்புறன், பிழை தேடிப் பழகிக்கொண்டு போங்கோ.